வேலை, வீடு, ஓரியண்டியரிங்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

காங்கேயத்திலிருந்து:

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வரைபடமும் காம்பஸும் வைத்துக்கொண்டு, குறித்த இடங்களை வரிசையாகத் தேடி ஓடும் ஓரியண்டியரிங் விளையாட்டைப் பழக ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. "உங்களுக்கு மட்டும் எங்கிருந்துங்க நேரம் கிடைக்குது" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் என்.சி.சி.யில் வரைபடம் பார்க்கவும் காம்பஸ் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதோடு மறந்தும் போயிருந்தது. பல வருஷம் கழித்து, ஸ்வீடன் பையருக்காகச் சரக்கின் தரம் பார்க்க வந்த ஒருவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார். அவர் ஊரில் பள்ளிப் பிள்ளைகளே இதைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடுவார்களாம். 1919இல் ஸ்டாக்ஹோம் பக்கம் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் நடத்திய போட்டிக்குப் பிறகுதான் அங்கே இது நன்றாகப் பரவியது என்று பின்னால் படித்தேன். அந்த வரைபடத்தில் வெள்ளை என்றால் ஓடக்கூடிய காடு, மஞ்சள் என்றால் வெட்டவெளி. பச்சை அடர்த்தியாக ஆக, உள்ளே நுழைவது கஷ்டம். பார்த்துக்கொண்டிருந்தபோதே எங்கள் அப்பாருவின் கொரங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, கண்முன் வந்து நின்றது.

கொரங்காடு பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், மாடு போய்வர ஒரு படல். இரண்டு வேலிக்கு நடுவே போகும் பாதைதான் இட்டேரி. பாதை, ஓடை, வேலி என்று நீளமாகப் போகும் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஓடுவதை ஓரியண்டியரிங்கில் ஹேண்ட்ரெயில் என்பார்கள். எங்கள் ஊரில் அதற்கு இட்டேரியைவிட வேறென்ன வேண்டும்? இட்டேரியில் இருக்கும் வரை வேகமாக ஓடலாம். கன்ட்ரோலுக்கு, அதாவது தேட வேண்டிய கொடி இருக்கும் இடத்துக்கு, கிட்டத்தில் சந்தேகமே இல்லாத ஓர் இடம் வந்ததும், அது படலோ கிணற்று மேடோ, வேகத்தைக் குறைத்து அடி எண்ண வேண்டும். 100 மீட்டருக்கு எனக்கு ஓட்டத்தில் 41 இரட்டை அடி (இரண்டு அடியை ஒன்றாக எண்ணுவது), நடையில் 64. மழை பெய்து புல் உயர்ந்துவிட்டால் ஓட்டத்திலேயே 45 ஆகிவிடும். இதெல்லாம் அந்தந்த மண்ணில் ஓடித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இனி நேரத்துக்கு வருகிறேன். ஷிப்மெண்ட் வாரத்தில் வீட்டுக்கு வர ராத்திரி பதினொன்று ஆகும். முதல் வருஷம் அந்த வாரங்களிலும் விடாமல் நாலரைக்கு எழுந்து ஓடினேன். அப்படி ஒரு நாள் ஓடிவிட்டு வெளியே வந்தபோது படலைச் சாத்தவில்லை. கம்பெனியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், காட்டுக்காரப் பெரியவர் போன் பண்ணினார். "தம்பி, படலத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டீங்களா? செம்மறி பூராவும் பக்கத்துச் சோளக்காட்டுல நிக்குதுங்க." அவர் குரலில் கோபத்தைவிட அசதிதான் தெரிந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். மிதிபட்ட சோளத்தட்டைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. சோளக்காட்டுக்காரருக்கு நஷ்டத்தைக் கொடுத்தேன். பெரியவர், "தூங்காம எதுக்குங்க தம்பி இந்த ஓட்டம்?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து, ஆறு மணி நேரம் தூங்கவில்லை என்றால் ஓடுவதில்லை. அந்த வாரங்களில் என் பயிற்சி முழுக்கக் காங்கேயம்–திருப்பூர் பஸ்ஸில்தான். பழைய வரைபடம் ஒன்றை மடித்து, தொடக்க இடத்தைக் காட்டும் முக்கோணத்திலிருந்து முதல் கன்ட்ரோலைக் காட்டும் வட்டம் வரை மட்டும் பத்து எண்ணும் நேரம் பார்ப்பேன். பிறகு மூடிவிட்டு மனசுக்குள் ஓடுவேன்: இட்டேரியில் தெற்கே, இரண்டாவது பிரிவில் இடது கை, படல், அங்கிருந்து மேட்டைப் பார்த்து 120 மீட்டர். திறந்து சரிபார்ப்பேன். ஆரம்பத்தில் ஒரு துண்டே குழம்பும். இப்போது மூன்று துண்டு வரை நிற்கிறது. காலுக்கு ஓய்வு கொடுத்த அந்த மாதங்களில்தான் என் தவறுகள் பாதியாகக் குறைந்தன. உண்மையிலேயே இதை நம்பிச் சொல்கிறேன்.

ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை காட்டில் ஓட்டம். பாப்பாவும் கூட வருவாள். கன்ட்ரோல் கொடிகள் எல்லாம் கட்டிங் வேஸ்டில் பொறுக்கிய ஆரஞ்சு, வெள்ளைத் துணிதான். 30 செ.மீ. சதுரத்தில், மூலைக்கு மூலை இரு நிறமாக, சாம்பிள் டெய்லர் அக்கா தைத்துக்கொடுத்தார். கொடியைப் பாப்பா கட்டுவாள், நான் தேடுவேன். எட்டரைக்கு வீட்டில் இருப்பேன் என்று மனைவியிடம் சொன்னால் எட்டரைக்கு இருந்தாக வேண்டும். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதால்தான் அடுத்த ஞாயிறு கிடைக்கிறது.

கோபியிலிருந்து:

நான் பள்ளி ஆசிரியை. காலையில் எனக்கு வாய்ப்பே இல்லை, சமையலும் பிள்ளைகளும் சரியாக இருக்கும். சாயங்காலம் ஐந்தே காலுக்குக் கிளம்பி, மாடு கறக்கும் நேரத்துக்குள் திரும்பிவிடுவேன். நாற்பது நிமிஷம்தான், ஆனால் வாரத்தில் நாலு நாள். அண்ணா சொல்வதுபோல ஒரு வாரம் முழுக்க விட்டால் எனக்குக் கை வராது. ஆளுக்கு ஆள் மாறும் போலிருக்கிறது.

என் இடம் கீழ்பவானி வாய்க்கால் கரை. தேடும் மதகை நேராகக் குறிவைத்துக் காட்டு வழியே வந்தால், வாய்க்காலைத் தொட்டதும் மதகு இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் நிற்க வேண்டிவரும். அதனால் வேண்டுமென்றே இடப்பக்கம் ஒதுங்கி வருவேன். கரையைத் தொட்டதும் யோசிக்காமல் வலது கைப்பக்கம் திரும்பினால் மதகு வந்துவிடும்.

ஒரு நாள் இப்படிக் காகிதத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போனபோது, புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தா எழுந்து வந்துவிட்டார். "ஏங்கண்ணு, என்னத்தத் தொலைச்சுப்போட்டே? தாலிக்கொடியா, தோடா?" நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவர் கீழே குனிந்து தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் வரைபடத்தைக் காட்டினேன். விரலால் தடவி, "இதா வாய்க்கா? அப்ப எங்க சாளை எங்கெ?" என்றார். வரைபடத்தில் அவர் சாளை, அதாவது குடிசை, இல்லை. நான் வரைந்தபோது மரத்தடியில் மறைந்திருந்திருக்கிறது. அங்கேயே பேனாவால் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் போட்டேன். இப்போது அந்தப் பக்கம் போனால் மோர் குடிக்காமல் விடமாட்டார்.

சத்தியமங்கலம் மலைப்பக்கம் ஓடலாமா என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். 2013இலிருந்து அது புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள், யானையும் இருக்கும் இடம்.

பீளமேட்டிலிருந்து:

எனக்குக் காடும் இல்லை, வாய்க்காலும் இல்லை. ஐ.டி. வேலை. பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அனுமதி வாங்கி, வளாகத்தை 1:4000 அளவில் ஸ்பிரிண்ட், அதாவது குறுகிய தூர வேக ஓட்டத்துக்கான, வரைபடமாக வரைந்தேன். ஓபன் ஓரியண்டியரிங் மேப்பர் இலவச மென்பொருள்தான், ராத்திரி அரை மணி, அரை மணியாக இரண்டு மாதத்தில் முடித்தேன். வரைந்ததே பாதிப் பயிற்சி. காங்கேயம் அண்ணா, கொரங்காட்டில் ஒரு தடவை ஓடிப் பார்க்க வேண்டும், வரலாமா?

காங்கேயத்திலிருந்து:

தாராளமாக வாங்க. பெரியவரிடம் கேட்டுவிட்டேன், "செருப்பில்லாம வராம இருந்தாச் சரி"ன்னு சொன்னார், வெள்வேல முள் அப்படி. கணுக்கால் மூடும் ஷூவும் முழுக்கால் பேண்டும் போட்டுக்கொள்ளுங்கள், புல்லுக்குள் பாம்பு இருக்கும். வேலியை எந்த இடத்திலும் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். எல்லோரும் வெளியே வந்த பிறகு படலை நான் சாத்திக்கொள்கிறேன்.