கீழத்தெரு வீடு: அம்மாவின் தலைத்திவசம்

சனிக்கிழமை, இரவு 8.10

*குமார் மாமாவை நீங்கள் சேர்த்தீர்கள்*

நான்: எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் திவசத்துக்கு 200 பேர் சாப்பாடு என்று போன வாரம் பேசினோம். எனக்கு ஒரு யோசனை. சாப்பாட்டை 50 பேரோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பணத்தில் நம் தெருப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய், கருப்பைவாய்ப் புற்றுநோய் இரண்டுக்கும் பரிசோதனை முகாம் வைக்கலாமா? கலா அத்தையிடம் பேசிவிட்டேன்.

பாலு அண்ணன்: 👍

செல்வி அண்ணி: நல்ல காரியம் வித்யா

பெரியப்பா: திதி வியாழனா, வெள்ளியா? ஐயரிடம் கேட்டது யார்?

அப்பா: நான்தான். வியாழன்.

பெரியப்பா: அப்பா திவசத்துக்கும் இப்படித்தான் சொன்னாய். நாள் மாறிப் போனது.

அப்பா: அது 2009 அண்ணா.

மீனா: சமையல்காரருக்கு 200 பேர் என்று அட்வான்ஸ் கொடுத்தாயிற்றே?

பாலு அண்ணன்: பேசிக்கொள்ளலாம்

கலா அத்தை: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். 32 வருஷம் கிராம செவிலியாக இருந்தவள் சொல்கிறேன். முகாம் என்றால் பந்தல் போட்டு மைக் கட்டுவது இல்லை. மறைவான அறை வேண்டும். நம் நெல் அறையைக் காலி செய்து கட்டில் போடலாம், ஜன்னலுக்குப் பழைய புடவை கட்டலாம். பார்க்கிறவர் பெண்ணாக இருக்க வேண்டும். மார்பைக் கையால் தொட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். கருப்பைவாயில், வினிகரில் இருக்கிறதே அந்த அமிலத்தை நீர்த்துத் தடவி ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். லேசாக எரியும், அவ்வளவுதான். 30 வயது தாண்டியவர்களுக்கு இதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். அதனால் சோதனைக்குப் பணம் வேண்டாம். வெள்ளை தெரிந்தது, கட்டி தட்டுப்பட்டது என்றால் அடுத்த சோதனைக்குத் தஞ்சாவூர் போக வேண்டும். அங்கேதான் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு ஆள் இருக்காது, பஸ் காசு வேண்டும். அந்தப் பணத்தை இதற்கு வையுங்கள்.

அப்பா: சரி கலா

பாலு அண்ணன்: *பலமுறை அனுப்பப்பட்டது* இந்தப் படத்தை 20 பேருக்கு அனுப்பினால் புற்றுநோய் வந்த குழந்தைக்கு ஒரு ரூபாய் கிடைக்கும்...

கலா அத்தை: பாலு, அதை அழித்துவிடு. இப்படி அனுப்பினால் யாருக்கும் ஒரு காசு போகாது. உதவ வேண்டும் என்றால் நீ திருப்பூரில் இருக்கிறாய், ரத்தத்தில் இருக்கிற தட்டணுக்களை (பிளேட்லெட்) கொடு. கீமோ போகிறவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும். எடுத்து வைத்தாலும் ஐந்து நாளைக்கு மேல் தாங்காது, அதனால் எப்போதும் தட்டுப்பாடு.

பாலு அண்ணன்: அழித்துவிட்டேன் அத்தை. எங்கே கொடுப்பது?

கலா அத்தை: அங்கே இருக்கிற ரத்த வங்கியில் பேர் கொடுத்து வை, கூப்பிடுவார்கள்.

பெரியப்பா: முகாம் வைப்பது சரி. நோட்டீஸில் ராஜேஸ்வரி பேர் வேண்டாம். என்ன நோயில் போனாள் என்று ஊருக்கே அச்சடித்துக் கொடுக்கணுமா? மீனாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மீனா: அப்பா

குமார் மாமா: மறைத்து மறைத்துத்தான் அக்கா போனாள்.

குமார் மாமா: எட்டு மாசம் பால்கட்டி என்று பற்றுப் போட்டீர்களே அத்தான்

பெரியப்பா: இவரைச் சேர்க்க வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன். பத்திரத்துக்குக் கூப்பிட்டால் வர மாட்டார், இதற்கு வந்துவிடுவார்.

பாலு அண்ணன்: பத்திரப் பேச்சு இங்கே எதற்கு அப்பா

நான்: மாமா, அது புற்று என்று அப்பாவுக்கே கடைசியில்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான். பொங்கலுக்கு வந்தபோது அம்மாவின் ரவிக்கையைத் துவைத்தேன். இடது பக்கம் உள்ளே கைக்குட்டையை நாலாக மடித்துத் தைத்திருந்தாள். பழுப்பாகக் கறை. என்னம்மா இது என்றேன். வேர்வைக்கு என்றாள். நானும் சரி என்று கொடியில் காயப்போட்டுவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டேன். வலிக்கவே இல்லை, அதனால் ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன் என்று பிறகு சொன்னாள். அந்தப் பேரைச் சொல்லத்தான் பெரியப்பா இந்த முகாம்.

*8.41*

செல்வி அண்ணி: 😢

கலா அத்தை: அது ஆரம்பத்தில் வலிக்காது, அதுதான் அதன் மோசம். வலிக்காத கட்டி, அக்குளில் கட்டி, காம்பு உள்ளே இழுப்பது, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி ஆவது, காம்பில் ரத்தக் கசிவு, எது தெரிந்தாலும் அன்றைக்கே காட்டணும். பெரியண்ணா, இன்னொன்று. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் இது பரம்பரையால் வருகிறது. மீனாவுக்கும் அண்ணிக்கும் ரத்த சொந்தமே இல்லை. அவள் வரனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வித்யாதான் தன் டாக்டரிடம் அம்மாவுக்கு இருந்ததைச் சொல்லி, எந்த வயதில் சோதனையை ஆரம்பிக்கலாம் என்று கேட்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையும் புற்றுநோயில்தான் போனார். டாக்டரம்மா அதை மூடி வைக்கவில்லை. ஊர் ஊராகப் பணம் திரட்டி 1954இல் அடையாறில் 12 படுக்கையோடு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். இன்றைக்கு நம் ஊரிலிருந்துகூட அங்கே போகிறார்கள்.

பெரியப்பா: அவர்கள் பெரிய இடம். நாம் கீழத்தெரு.

செல்வி அண்ணி: அத்தை, நிலாவுக்கு 11 வயது. அந்தத் தடுப்பூசி

கலா அத்தை: போடலாம் செல்வி. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான வைரஸைத் தடுக்கிற ஊசி. 9லிருந்து 14 வயதுக்குள் போடுவதுதான் நல்லது.

செல்வி அண்ணி: தனியாகப் பேசுகிறேன் அத்தை, மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார்

குமார் மாமா: ரயிலில் சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் இல்லை. துணைக்குப் போகிறவருக்கும் முக்கால்வாசி கழிவு. டாக்டர் சான்று வேண்டும். அக்காவை அழைத்துப் போனபோது இது தெரியாமல் முழுக் காசு கொடுத்தேன். அதையும் அன்றைக்குச் சொல்லிவிடுங்கள்.

நான்: கட்டாயம் மாமா. நீங்களே வந்து சொல்லுங்கள்.

குமார் மாமா: பார்க்கலாம்

பெரியப்பா: வியாழன் திதி. முகாம் என்றைக்கு?

கலா அத்தை: மருத்துவ அலுவலரைக் கேட்டிருக்கிறேன். ஞாயிறு கிடைத்தால் வேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள். புதன்கிழமை சொல்கிறேன் என்றார்.

பெரியப்பா: ஐப்பசி மழையில் ஞாயிறு வரைக்கும் யார் இருப்பார்கள்?

பாலு அண்ணன்: எனக்கு ஞாயிறு இரவு பஸ்

மீனா: வடை உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள். உளுந்து ஊறப்போடச் சொல்லணும்

பாலு அண்ணன்: சித்தி திவசத்தில் வடை இல்லாமலா? அவர் கை வடைக்காகவே நான் லீவு போட்டு வந்தேனே

*9.26*

அப்பா: நோட்டீஸ் அடிக்க வேண்டாம். நான் வீடு வீடாகப் போகிறேன்.

அப்பா: பெண்களிடம் இல்லை, அந்த வீட்டு ஆண்களிடம். என் வீட்டில் நான் கேட்காமல் விட்டேன், நீங்கள் கேளுங்கள், கூடவே அழைத்து வாருங்கள் என்று சொல்கிறேன். ராஜி பேரைச் சொல்லித்தான் சொல்வேன் அண்ணா.

குமார் மாமா: அத்தான், நானும் வருகிறேன்

நான்: அப்பா 🙏

பெரியப்பா: நோட்டீஸ் இல்லை என்றால் சரி. மற்றதை நேரில் பேசுவோம்.

கலா அத்தை: நெல் அறைச் சாவி யாரிடம்?

அப்பா: பெரியண்ணியிடம்

*10.02*

மீனா: அத்தை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். வெறும் வயிற்றில் வரணுமா என்று கேட்கிறாள்.

கலா அத்தை: வேண்டாம், சாப்பிட்டே வரச் சொல். மாதவிலக்கு நின்று எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்டு வை.

மீனா: கேட்டேன். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

பாலு அண்ணன்: சரி, தஞ்சாவூர் வேன் யார் பேசுவது?

பாலு அண்ணன்: யாராவது?