புதுப்பிப்பு: மகளின் கை வலிக்குக் கிடைத்த மருந்து
மரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட மகளுக்கு வீட்டில் என்ன வலி மருந்து கொடுக்கலாம் என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. இங்கே பிரான்ஸைச் சேர்ந்த ரீயூனியன் தீவில் டாக்டர் எழுதித் தந்தது டோலிப்ரேன் சிரப், அதாவது பாராசிட்டமால்தான். வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்துத்தான் அளவு: கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. பெட்டிக்குள் வரும் சிரிஞ்சில் கோடுகளே கிலோ கணக்கில் இருக்கின்றன. அவளுக்கு 18 கிலோ, சிரிஞ்சில் கோடுகள் அவ்வளவு தூரம் இல்லாததால் இரண்டு முறை இழுத்து, மொத்தம் 18 வரும்படி கொடுத்தால் சரி. இந்த சிரிஞ்சை வேறு சிரப்புக்குத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

அழும்வரை காத்திருக்காமல் முதல் சில நாள் நேரம் தவறாமல் கொடுக்கச் சொன்னார். அதில்தான் பிள்ளை நிம்மதியாகத் தூங்கினாள்.

அப்புறம், ஒருவர் சொன்ன கோடீன் (அபின் வகை வலி மருந்து) சிரப் வேண்டவே வேண்டாம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வலிக்குக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-லேயே சொல்லிவிட்டது. சிலருடைய உடல் அதை மளமளவென்று மார்ஃபினாக மாற்றிவிடும், மூச்சே அடங்கிப்போகலாம்.