உதவி: 1966 பீட்டில் ராலி வண்டி, வால்பாறை ஏற்றத்தில் சூடாகி நிற்கிறது

ஆழியாறு66

வணக்கம். வண்டி 1966 வோக்ஸ்வாகன் பீட்டில், 1300. இன்ஜின் பின்னாடி, தண்ணி இல்லாம காத்துலயே குளிர்றது. படமும் போட்டிருக்கேன். கோயமுத்தூர் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில கோழி அடைஞ்சு கிடந்ததை வாங்கி நாலு வருசமா வேலை பார்க்கிறேன். 1962 ஈஸ்ட் ஆஃப்ரிக்கன் சஃபாரி ராலியில ஜெயிச்ச பீட்டில் மாதிரி செய்யணும்னு ஆசை. முன்னாடி நாலு லைட், பானெட்டுக்குத் தோல் பட்டை, பெரிய மட் ஃபிளாப், அடியில கல்லடி தாங்க மூணு மி.மீ. அலுமினியத் தகட்டில ஸ்கிட் பிளேட், 6 வோல்ட்டை 12 ஆக்கியாச்சு. ஸ்பார்க் நேரத்தைப் பார்த்துக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் புதுசு, 009 மாடல். இன்ஜின் பிஸ்டன் ரிங்கிலிருந்து எல்லாம் மாத்தி ஆயிரம் கிலோமீட்டர் ஆச்சு.

சமவெளியில ராஜா மாதிரி போகுது. போன ஞாயிறு வால்பாறைக்கு ஏத்தினேன். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி நாலு வளைவு வரைக்கும் ஒண்ணுமில்லை. அப்புறம் ரெண்டாவது கியர்ல கலகலன்னு நாக்கிங், இன்ஜின் உள்ளே தட்டுற சத்தம். ஏழாவது வளைவில இழுவை குறைஞ்சுது. ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூவில ஓரங்கட்டினப்போ ஐடிலிங்கில ஆயில் லைட் மினுக் மினுக்குன்னுச்சு, தானா நின்னுபோச்சு. அரை மணி நேரம் குரங்குக்குப் பயந்து கண்ணாடி ஏத்திட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஸ்டார்ட் ஆச்சு. திரும்பி வந்துட்டேன்.

கட்டின மெக்கானிக், "ஏர்கூல் வண்டின்னா அப்படித்தாங்க" என்கிறார். அப்படியா?

கொங்குகார்ப்

ப்ரோ, இது ஏர் லாக், சூட்டுல பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைச்சுக்கும். இப்போ பங்க்ல கிடைக்கிறது இ20, இருபது சதம் எத்தனால் கலந்த பெட்ரோல், சீக்கிரம் ஆவியாகும். அம்பாசடர்காரங்க பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி சுத்தி ஊட்டி ஏறினது ஞாபகம் இருக்கா? அதே மருந்து.

டர்போமணி

பின்னாடி ஒரு பெரிய ஆயில் கூலர், அதுக்கு எலெக்ட்ரிக் ஃபேன். முடிஞ்சுது.

தகரக்கொட்டாய்

தம்பி, ஈரத்துணியும் வேண்டாம், ஆயில் கூலரும் இப்போதைக்கு வேண்டாம். காய்ச்சல் ஏன் வந்தது என்று தெரியாமல் மாத்திரை வாங்கக் கூடாது. முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

நின்றுபோனபோது கார்புரேட்டர் வாயைப் பார்த்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை அசைத்தீர்களா, பெட்ரோல் பீய்ச்சியதா? ஸ்டார்ட்டர் வழக்கமான வேகத்தில் சுற்றியதா, இறுகிச் சுற்றியதா? ஹீட்டர் இருக்கிறதா, எடுத்துவிட்டீர்களா? ஃபேன் ஷ்ரௌட், அதாவது ஃபேனைச் சுற்றியுள்ள தகரக் கூடு, அதன் உள்ளே காற்றைத் திருப்பும் மடல்கள், அடியில் அவற்றைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் உண்டா? இன்ஜினைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை முழுதாக இருக்கிறதா? கடைசியாக, வேலை முடிந்தபோது மெக்கானிக் ஏதாவது பையில் போட்டுத் திருப்பித் தந்தாரா?

ஆழியாறு66

அண்ணா, கடைசிக் கேள்வி எப்படிங்க கேட்டீங்க? ஒரு மஞ்சப்பையில ரெண்டு வளைஞ்ச தகடு தந்தார், "இது இல்லாமலே வண்டி ஓடுது, தேவையில்லை"ன்னு. அட்டாலியில கிடக்குது.

பெட்ரோல் நல்லாவே பீய்ச்சுச்சு. ஸ்டார்ட்டர் இறுகித்தான் சுத்துச்சு. ஹீட்டர் பாக்ஸ் ரெண்டையும் கழட்டி வெறும் சைலன்ஸர் குழாய் போட்டாச்சு, நம்மூருக்கு ஹீட்டர் எதுக்கு? மடல், தெர்மோஸ்டாட் ரெண்டும் இல்லை. ரப்பர் பட்டை வலது பக்கம் பாதி இருக்கு. இன்ஜின் மூடியை ரெண்டு இஞ்ச் தூக்கி வச்சிருக்கேன், காத்து வரட்டும்னு.

தகரக்கொட்டாய்

பெட்ரோல் பீய்ச்சினால் ஏர் லாக் இல்லை. இன்ஜின் இறுகியிருக்கிறது என்றால் உண்மையிலேயே வெந்திருக்கிறது. ரிங் புதிது, சிலிண்டரில் கோடு விழாமல் தப்பியிருந்தால் உங்கள் நல்ல காலம். சரிசெய்யும் வரை மலை ஏற்றாதீர்கள்.

பஜாஜ் சேத்தக் ஓட்டியிருப்பீர்கள். அதன் சிலிண்டர் மேல் ஒரு கவுல் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் "காற்று நன்றாகப் படும்" என்று தோன்றும். ஓட்டினால் பத்து கிலோமீட்டரில் சீஸ் ஆகும். ஃபேன் தள்ளும் காற்றை ஃபின்களுக்கு (சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக விளிம்புகள்) நடுவே திணிப்பதே அந்தக் கவுல்தான். ஆட்டோவிலும் அதே கதை. பீட்டிலில் இதே வேலையை ஏழெட்டுத் தகடுகள் பிரித்துச் செய்கின்றன. தண்ணீர் வண்டியில் ரேடியேட்டர் ஓட்டையாக இருந்தால் யாரும் "அப்படித்தாங்க" என்று சொல்ல மாட்டார்கள். இதில் ஓட்டை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வண்டியில் எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று பாருங்கள். ஷ்ரௌடின் இரண்டு பக்கமும் ஹீட்டருக்குக் காற்று அனுப்பும் வாய்கள் உண்டு. ஹீட்டரை எடுத்தீர்கள், வாயை அடைத்தீர்களா? படத்தில் திறந்தே கிடக்கிறது. சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அந்த வழியாகச் சும்மா போகிறது.

மஞ்சப்பைத் தகடுகள் சிலிண்டருக்கு அடியில் மாட்ட வேண்டியவை. மேலிருந்து வரும் காற்று சிலிண்டரின் அடிவயிறு வரை ஒட்டிப் போவது அவற்றால்தான். அவை இல்லாவிட்டால் மேல் பாதி குளிரும், கீழ் பாதி வேகும்.

ரப்பர் பட்டையின் வேலை, கீழே உள்ள சூட்டை மேலே வரவிடாமல் தடுப்பது. பாதி இல்லை என்றால், சிலிண்டரையும் சைலன்ஸரையும் தொட்டுவிட்டு வந்த காற்றையே ஃபேன் மறுபடி உறிஞ்சும். மூடியைத் தூக்கி வைத்தது இதை இன்னும் கெடுக்கும் என்பது என் அனுபவம். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள கீற்றுகளே 1300க்குப் போதும்.

மடல்களைப் பற்றி ஒரு வார்த்தை. "வெயில் நாட்டுக்குத் தேவையில்லை" என்று நம் பக்கத்தில் எல்லோரும் கழற்றுகிறார்கள். அவை குளிர்காலத்துக்கு மட்டுமானவை இல்லை, திறந்த நிலையில் காற்றை ஹெட் பக்கம் திருப்பிவிடுகின்றன. தெர்மோஸ்டாட் கெட்டால்கூட மடல் திறந்தபடிதான் நிற்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதனால் பயந்து கழற்ற ஒன்றும் இல்லை.

இன்னொன்று: உங்கள் இன்ஜினில் ஆயில் கூலர் ஷ்ரௌடுக்கு உள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்கு மேல் நிற்கிறது. அந்தச் சிலிண்டருக்கு எப்போதும் காற்று குறைவு, வந்ததும் சூடான காற்று. 1971 மாடலில்தான் கூலரைத் தனிக் கூண்டுக்குள் தள்ளிவைத்தார்கள். முதலில் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வைப் பாருங்கள். இன்ஜின் முழுக்க ஆறியபின் ஆறு தவ் (இஞ்சில் ஆயிரத்தில் ஆறு பங்கு), அதாவது 0.15 மி.மீ. இடைவெளி வேண்டும். அது குறைந்துகொண்டே வந்தால் வால்வு நீள்கிறது என்று அர்த்தம்.

டைமிங்லைட்

தகரம் எல்லாம் சரிங்க, நாக்கிங்கை யாரும் கேட்கலையே? ஸ்பார்க் எவ்வளவு முன்கூட்டியே விழுதுங்கிறதுதான் அட்வான்ஸ். 009க்கு இன்ஜின் உறிஞ்சுறதை வச்சு மாறுற வேக்குவம் அட்வான்ஸ் கிடையாது, வேகத்தில மட்டும் ஏறும். நின்ன நிலையில பல்ப் வச்சு செட் பண்ணிட்டு விட்டுட்டா போதாது. 3000 ஆர்பிஎம் தாண்டி ஸ்ட்ரோப் லைட்டுல பாருங்க, மொத்தம் 28லிருந்து 32 டிகிரிக்குள்ள இருக்கணும். காதால செட் பண்ணின வண்டி நான் பார்த்தது எல்லாமே 35க்கு மேல. சமவெளியில துள்ளும், மலையில வேகும்.

இ20 விஷயத்தில கொங்குகார்ப் சொன்னது பாதி சரி. எத்தனால்லயே ஆக்ஸிஜன் இருக்கு, கார்புரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடுற பழைய ஜெட்டோட ஓட்டினா மிக்சர் மெலிஞ்சு போகும். மெலிஞ்ச மிக்சர், கூடின அட்வான்ஸ், குறைஞ்ச காத்து, மூணும் ஒரே ஏத்தத்துல சேர்ந்தா என்னாகும்? மெயின் ஜெட் ஒரு நம்பர் கூட்டிப் பாருங்க. பெட்ரோல் ஓசை எத்தனால் தாங்குறதா மாத்துங்க. பீட்டில் எரியிறது பெரும்பாலும் அந்த ரெண்டு ரூபா குழாயாலதான். சீட்டுக்குப் பக்கத்துல ஒரு தீயணைப்பான் வையுங்க, ராலி வண்டிக்கு அழகும் ஆச்சு.

யாழ்வண்டு

வணக்கம் அண்ணை, நான் இலங்கையில இருந்து. எங்கட ஆக்களிட்ட பீட்டில் கனக்க இருக்கு. என்ர வண்டியும் நுவரெலியாவுக்கு ஏறேக்க ரம்பொடையில இப்பிடித்தான் நிண்டது. ஒருத்தரும் அந்த ஸ்கிட் பிளேட்டைப் பற்றிக் கதைக்கேல்லையே? படத்தில பாத்தன், கியர் பொக்ஸில இருந்து பின் பம்பர் மட்டும் ஒரே தகடாப் போட்டிருக்கிறியள். மேலால வாற சூட்டுக் காத்து கீழாலதான் வெளிய போகவேணும். அந்த வாசலை நீங்களே பூட்டிப்போட்டியள். அதோட எண்ணெய்ச் சட்டிக்கும் காத்துப் படாது. நான் தகட்டைக் கழட்டிப்போட்டு ரெண்டு குழாய் வளைச்சுப் போட்டனான், கல்லும் படேல்லை, சூடும் நிக்கேல்லை.

தகரக்கொட்டாய்

யாழ்வண்டு, நான் தவறவிட்டதைப் பிடித்துவிட்டீர்கள். சமவெளியில் வேகம் இருக்கும்போது அடியில் கொஞ்சம் காற்று இழுபடும். ரெண்டாவது கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் அதுவும் இல்லை. மலையில் மட்டும் நிற்பதற்கு இதுதான் முதல் காரணமாக இருக்கும்.

ஓலைச்சுவடி

ஒரு சின்னத் திருத்தம். சஃபாரியை பீட்டில் ஜெயித்தது 1954, 1957, 1962. 62இல் டாமி ஃபியாஸ்டாட் ஓட்டியது 1200, 34 குதிரைத்திறன். 1300 வந்ததே 1966 மாடலில்தான். ஆகவே உங்களுடையது "அந்தக் காலத்துப் பாணி" வண்டியே தவிர, நகல் ஆகாது.

இன்னொன்றும் யோசியுங்கள். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த விதியில், 'விஏ' வரிசை எண் வாங்க சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ரோல் கேஜ் (வண்டி உருண்டால் காக்கும் குழாய்க் கூண்டு) வெல்டிங் செய்யும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆழியாறு66

நகல்னு நான் சொல்லவே இல்லைங்க, "மாதிரி"ன்னுதான் சொன்னேன். ஆனா உங்க பேச்சால கதவுல 62ன்னு நம்பர் எழுத இருந்ததை 66ஆ மாத்திட்டேன். கேஜ் போல்ட்ல மாட்டுறதுதான், வெல்டிங் இல்லை.

ஆழியாறு66
(மூணு வாரம் கழிச்சு)

எல்லாருக்கும் நன்றி. செஞ்சதை எழுதுறேன், அடுத்தவங்களுக்கு உதவும்.

முதல்ல டைமிங் பார்த்தேன். 38 டிகிரி! 30க்குக் கொண்டுவந்தேன். அது மட்டும் மாத்திட்டு, டிப்ஸ்டிக் இடத்துல தெர்மாமீட்டர் சொருகி மலை அடிவாரம் வரைக்கும் போய் நாலு வளைவு ஏத்திட்டு இறங்கினேன். நாக்கிங் போச்சு, ஆனா ஆயில் 128 டிகிரி.

அப்புறம் இன்ஜினை இறக்கினோம். நாலே போல்ட், நானும் பக்கத்துக் கடைத் தம்பியும் ஒரு ஜாக்கி வச்சு இறக்கிட்டோம். ஷ்ரௌடைத் தூக்கினா உள்ளே கோழி இறகு! மூணாவது சிலிண்டர் ஃபின்னுக்கு நடுவுல அடைஞ்சு கிடந்துச்சு. நாலு வருசமா வேலை பார்த்து அதை யாரும் பார்க்கலை, நானும்தான். மஞ்சப்பைத் தகடு மாட்டினோம், ஷ்ரௌட் வாயை ரெண்டு பக்கமும் மூடி போட்டு அடைச்சோம், ரப்பர் பட்டை முழுசா புதுசு. பழைய இன்ஜின் ஒண்ணுல மடலும் தெர்மோஸ்டாட்டும் கிடைச்சுது. மூணாவது எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளி மூணு தவ்வுதான் இருந்துச்சு. ஆறு வச்சிருக்கேன், 500 கிலோமீட்டர்ல மறுபடி பார்ப்பேன்.

ஸ்கிட் பிளேட்டை யாழ்வண்டு சொன்ன மாதிரி குழாயாக்கலை, மனசு வரலை. இன்ஜினுக்கு அடியில இருந்த பாகத்தை வெட்டிட்டு முன்பாதியை மட்டும் விட்டிருக்கேன். பின்னாடி ரெண்டு குழாய். மெயின் ஜெட் ஒண்ணு கூட்டியாச்சு. மூடி இப்போ இறுக்கமா மூடியிருக்கு.

நேத்து காலையில நாப்பது வளைவும் ஏறி வால்பாறை போய் டீ குடிச்சேன். அதிகபட்சம் 109 டிகிரி. ஐடிலிங்கில ஆயில் லைட் ஒரே ஒரு தடவை கண் சிமிட்டுச்சு.

தகரக்கொட்டாய்

நல்லது. 20டபிள்யூ-50 ஆயில்தானே? இரண்டரை லிட்டர்தான் கொள்ளும், அதனால் சீக்கிரம் மாற்றுங்கள். சிமிட்டுவது ஐடிலிங் வேகம் குறைவாக இருப்பதாலும் இருக்கலாம், 850க்கு வைத்துப் பாருங்கள். அதை விட முக்கியம் பக்கத்தில் உள்ள சிவப்பு லைட். டைனமோவும் ஃபேனும் ஒரே தண்டு. அந்த லைட் எரிந்தால் பேட்டரி சார்ஜ் இல்லை என்று வீடு வரை ஓட்டிவிடாதீர்கள், பெல்ட் அறுந்திருக்கும், ஃபேனும் நின்றிருக்கும். உடனே நிறுத்துங்கள். ஒரு பெல்ட், 21 சைஸ் ஸ்பானர் வண்டியிலேயே கிடக்கட்டும்.

ஆழியாறு66

வாங்கி வச்சாச்சுங்கண்ணா. அடுத்த சந்தேகம்: ராலியில தூரம் அளக்குற பழைய ஹால்டா டிரிப்மாஸ்டர் ஒண்ணு கிடைச்சிருக்கு, கேபிளோட ஓடுறது. பீட்டில்ல ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்துலிருந்து வருதே, அதுல இடையில டி கியர் (ஒரு கேபிளை ரெண்டாப் பிரிக்கிறது) போட்டு எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா? பின்சக்கரம் மண்ணுல சுத்தினாலும் தூரம் தப்பாதுன்னு கணக்குப் போடுறேன். கேபிள் எந்த வழியா உள்ளே கொண்டுவந்தீங்கன்னு ஒரு படம் போட்டா போதும்.