நான்கு விரல் இடைவெளி: தாழ்த்திய காருடன் ஐந்து மாதங்கள்

கார் என் கைக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. டொயோட்டா 86, 2012-இல் அறிமுகமான முதல் தலைமுறை. எனக்கு முன் வைத்திருந்தவர் பழைய சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு, உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வகையான காயில்ஓவர்களை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பை, போட்டிருந்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாதபடி வண்டி தரையோடு படிந்து நின்றது. அந்தத் தோற்றம்தான் என்னை வாங்க வைத்தது.

தொழிற்சாலையிலிருந்து வரும்போது இந்தக் காரின் அடியில் ஏறத்தாழ 130 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். வாங்கிய அன்று இரவு டார்ச்சும் அளவு நாடாவுமாகத் தரையில் படுத்து அளந்தேன். மிகத் தாழ்ந்த இடத்தில் 85 மில்லிமீட்டர். நான்கு விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வைத்தால் நுழைகிறது, கட்டைவிரலுக்கு இடமில்லை.

முதல் வாரத்திலேயே பாடம் கிடைத்தது. ஒரு கட்டடத்தின் நிலத்தடி வாகன நிறுத்தத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே சமதளம் முடிந்து சரிவு தொடங்கும் விளிம்பில் முன் சக்கரங்கள் இறங்கிவிட்டன, பின் சக்கரங்கள் மேலேயே இருக்கின்றன, நடுவயிறு விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. இரும்பு கான்கிரீட்டில் தேயும் ஓசை என் முதுகெலும்பில் ஏறியது. எனக்குப் பின்னால் இரண்டு கார்கள் காத்திருந்தன.

காவலர் ஓடிவந்தார். பெரியவர், அறுபதுக்கு மேல் இருக்கும். என்னைத் திட்டவில்லை. பின்னால் நின்ற இருவரையும் கைகாட்டித் தள்ளிப்போகச் சொன்னார். பிறகு சீருடையோடு தரையில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். "பதறாதீர்கள் தம்பி. பின்னால் எடுங்கள். நேராக இறங்கக் கூடாது, சாய்த்து இறக்குங்கள். ஒரு சக்கரம் முதலில் போகட்டும், மற்றது பிறகு வரட்டும்" என்றார். அப்படியே செய்தேன். உரசாமல் இறங்கியது.

அதற்கான காரணத்தை வீட்டுக்கு வந்து காகிதத்தில் வரைந்து பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். இந்தக் காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2,570 மில்லிமீட்டர். நேராகப் போனால் அந்த முழு நீளத்துக்கும் நடுவில் விளிம்பு வந்து முட்டுகிறது. சாய்வாகப் போகும்போது, சரிவின் திசையில் பார்த்தால் ஒரு பக்கத்து முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம் சுருங்குகிறது. வேகத்தடைக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். அங்கே முதலில் மாட்டுவது பெரும்பாலும் முன் பம்பரின் கீழுதடு என்பது மட்டும் வேறுபாடு. சாய்த்து ஏறினால் அந்தப் பக்கத்துச் சக்கரம் முதலில் ஏறி உதட்டைத் தூக்கிவிடுகிறது.

உரசலைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. சாலையில் சிறு ஒட்டுப்போட்ட இடம் வந்தால்கூட 'டொக்' என்று ஓர் அடி விழுந்தது. ஒரு பணிமனையில் காட்டினேன். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் அதை நம்பினேன். பிறகு இன்னொரு மெக்கானிக் வண்டியைத் தூக்கி, ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கிக் கட்டி, "ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்" என்றார். திரும்பி வந்து பார்த்தபோது அந்தக் கட்டு தண்டின் மேல்முனைவரை தள்ளப்பட்டு, ரப்பர் தடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் அமுங்குவதற்கு இடமே இல்லாமல், ஒவ்வொரு பள்ளத்திலும் கார் அந்த ரப்பர் மேல்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. என் காயில்ஓவர்கள் ஸ்பிரிங்கின் இருக்கையை இறக்கித் தாழ்த்தும் வகை. அதில் எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவும் ஷாக்கின் பயணத்திலிருந்துதான் கழிகிறது.

அடுத்து அவர் காட்டியது, முன் சக்கரங்களைக் காரின் உடலோடு கீழே இணைக்கும் கீழ்க்கைகளை. சக்கரப் பக்கம் மேலேயும் உடல் பக்கம் கீழேயுமாக அவை சரிந்திருந்தன. கார் வளைவில் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதை ரோல் சென்டர் என்பார்கள். இந்தக் காரின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் அமைப்பு, ஷாக் அப்சார்பரே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் தூணாகவும் இருக்கும் வகை. அதில் காரைத் தாழ்த்தும்போது, ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் அதிகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே தூரம் கூடக்கூட, உடலைச் சாய்க்கும் நெம்புகோல் நீள்கிறது. வளைவில் சாயக் கூடாது என்று இறக்குகிறோம், ஒரு எல்லைக்குக் கீழே போனால் அதுவே சாய்க்கிறது. இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

20 மில்லிமீட்டர் உயர்த்தினோம். இப்போது 105. அளக்கும்போது தரையிலிருந்து அளக்காமல், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தார். டயரில் காற்று கூடினாலும் குறைந்தாலும் அந்த அளவு மாறாது. கீழ்க்கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளையும் கார் தன் எடையில் நின்ற பிறகுதான் இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கடைசியாக அலைன்மென்ட், முகப்பு விளக்கின் உயரம் இரண்டையும் சரிசெய்தார்.

அன்று மாலை பழகிய சாலையிலேயே ஓட்டினேன். அது வேறு கார். பள்ளத்தில் இறங்கி எழுந்து அமைதியாகிவிட்டது. வளைவில் ஸ்டீயரிங் பேசியது. இந்தக் காரைப் படைத்தவர்கள் தாழ்வை ஸ்பிரிங்கில் தேடவில்லை. சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருக்கும் எஞ்சினைத் தரைக்கு அருகில் வைத்து, ஈர்ப்பு மையத்தை ஏறத்தாழ 460 மில்லிமீட்டர் உயரத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். நமக்கு வேண்டிய தாழ்வு முதலிலிருந்தே அதற்குள் இருக்கிறது.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

———

நான் ஓட்டுவது மாஸ்டா எம்எக்ஸ்-5, 2015-க்குப் பிறகு வந்த வடிவம். 25 மில்லிமீட்டர் மட்டும் தாழ்த்திய ஸ்பிரிங்குகள். அடி உரசுவது எனக்குப் பெரிய சிக்கலாக இல்லை. என் சிக்கல், யார் கண்ணிலும் படாமல் போவது. காரின் மொத்த உயரமே ஒன்றேகால் மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. லாரிக்குப் பக்கத்தில் நின்றால் அதன் சக்கர நட்டுகள்தான் என் கண்மட்டத்தில் இருக்கின்றன.

ஒருமுறை சிக்னலில் லாரியின் இடது முன்மூலையில் நின்றிருந்தேன். பச்சை விழுந்ததும் லாரி என் பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. ஹாரனை அழுத்திக்கொண்டே பின்னால் எடுத்தேன், இரண்டடி தூரத்தில் தப்பித்தேன். டிரைவர் நிறுத்தி இறங்கி வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "உங்களைப் பார்க்கவே இல்லை அம்மா" என்றார். நான் கோபத்தில் கத்துவதற்குத் தயாராக இருந்தேன். அவர், "ஒரு நிமிடம் வாருங்கள், ஏறிப் பாருங்கள்" என்று கேட்டார். ஏறி அவர் இருக்கையில் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியே என் கார் தெரியவில்லை. பக்கக் கண்ணாடியிலும் இல்லை. சாலையின் அந்த மூலை வெறுமையாக இருந்தது.

அன்றிலிருந்து லாரிக்கும் பஸ்ஸுக்கும் பக்கவாட்டில் நிற்பதில்லை. ஒன்று முழுவதும் முன்னால், இல்லையென்றால் டிரைவரின் கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரியும் தூரத்தில் பின்னால். பகலிலும் விளக்கைப் போட்டுக்கொள்கிறேன். தாழ்த்திய கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அந்த உயரமான இருக்கையில் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இன்னொன்று. என் அம்மாவுக்கு முழங்கால் வலி. கால்களை வெளியே வைத்தபடி முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பினால் ஏறிவிடுகிறார். இறங்கும்போது அதையே தலைகீழாகச் செய்கிறார். ஒரு காலை உள்ளே விட்டு ஏறுவதுதான் முழங்காலைத் திருகுகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் கூரையைத் திறந்து வைக்கச் சொல்லி அவரே முதலில் போய் நிற்கிறார்.

———

டயர் வெடித்தவன் எழுதுகிறேன். இரவு பதினொரு மணி, பின் இடது டயர். பல ஸ்போர்ட்ஸ் கார்களைப் போல என் காரிலும் மாற்றுச் சக்கரம் கிடையாது, பசை நிரப்பும் பெட்டி மட்டும்தான். பக்கச்சுவரில் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. காற்றுப்போன மூலை மேலும் தாழ்ந்துவிட்டதால் ஜாக்கி அடியில் நுழையவே இல்லை.

மீட்பு வண்டியில் வந்தவர் பொறுமைசாலி. அவர் வண்டியின் சரிவுப் பலகையில் நேராக ஏற்றினால் என் முன் பம்பர் பெயர்ந்திருக்கும். நான்கு மரப்பலகைகளை எடுத்து அடுக்கி, சரிவை இரண்டு மடங்கு நீளமாக்கி, விரல் பருமன் இடைவெளியில் ஏற்றினார். இழுவைக் கொக்கி எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பம்பரில் ஒரு சிறு மூடியைத் திறந்து உள்ளே திருகுவது அது. கருவிப்பையில் இருந்ததை அவரே கண்டுபிடித்தார். உங்கள் காரில் அந்த மூடி எங்கே, கொக்கி எங்கே என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். என் காரில் இப்போது இரண்டு பலகைகளும், தாழ்ந்த கார்களுக்கென்றே வரும் தட்டை ஜாக்கியும் இருக்கின்றன. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தாழ்த்தியதை எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

———

முதலில் எழுதிய நண்பரோடு ஓரளவு மாறுபடுகிறேன். என் கார் அவருடைய பழைய அளவைவிடத் தாழ்வு, ஐந்து ஆண்டுகளாக அப்படியே வைத்திருக்கிறேன். தாழ்வைக் குறை சொல்லக் கூடாது, அரைகுறையாகத் தாழ்த்துவதைச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டி, அதற்கேற்ற குட்டையான ஷாக்குகளைப் போட்டு, கீழ்க்கை சக்கரத்தோடு சேரும் மூட்டின் இடத்தையும் மாற்றினால் அவர் சொன்ன ரோல் சென்டர் சிக்கல் பெரும்பாலும் தீரும். செலவு கூடும், அவ்வளவுதான். நான் பந்தயத் தளத்தில் ஓட்டுகிறேன். அங்கே ஒவ்வொரு மில்லிமீட்டரும் எனக்குப் பொருள் உள்ளது.

தாழ்வின் மேல் மனிதனுக்கு இருக்கும் ஆசை புதிதல்ல. ஃபோர்டு ஜிடி40 என்ற பந்தயக் காரின் பெயரிலுள்ள 40, அதன் உயரம் 40 அங்குலம் என்பதால் வந்தது. 1981-இல் ஃபார்முலா 1 கார்களுக்கு அடியில் 60 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி வந்தபோது, பொறியாளர் கார்டன் மரே வடிவமைத்த பிராபம் அணியின் காரில் வேகத்தில் காற்றழுத்தத்தால் தானே தாழ்ந்து, நின்றதும் எழும்பிக்கொள்ளும் சஸ்பென்ஷனை வைத்தார்கள். அளப்பது நிற்கும்போதுதானே! அந்த மூளையை நான் வணங்குகிறேன்.

ஆனால் அன்றாடம் வேலைக்குப் போகும் காரை இந்த உயரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேனா என்றால், மாட்டேன். என்னிடம் அதற்கு வேறு கார் இருக்கிறது. ஒரே காரை வைத்திருப்பவருக்கு அவர் எடுத்த முடிவு சரிதான்.

———

முதலில் எழுதியவன் மீண்டும். பந்தயத் தள நண்பர் சொல்வதை ஏற்கிறேன். அந்த மூட்டின் இடத்தை மாற்றுவதைப் பற்றி என் மெக்கானிக்கிடமும் கேட்டேன். இந்த 105-லேயே ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள், பிறகு பேசுவோம் என்கிறார். டயர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: என் பின் டயர்களின் உள்விளிம்பு நூல் தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. நான் கேம்பரைத்தான், அதாவது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணத்தைத்தான், சந்தேகித்தேன். அளந்தபோது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், தவறாக இருந்தது. சக்கரங்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி ஓடினால், உருளும் ஒவ்வொரு அடியிலும் ரப்பர் பக்கவாட்டில் தேய்கிறது. உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

லாரி டிரைவரின் இருக்கையைப் பற்றி எழுதிய சகோதரிக்கு நன்றி. நேற்று சிக்னலில் ஒரு பஸ்ஸின் பக்கத்தில் போய் நிற்கப் போனவன், உங்கள் நினைவு வந்து பின்தங்கிவிட்டேன்.

இன்று காலை அதே நிலத்தடி வாகன நிறுத்தத்துக்குப் போனேன். வழக்கம்போல் சாய்த்து இறக்கத் திருப்பினேன். காவலர் கையை உயர்த்தி நிறுத்தினார். உயர்த்தியதை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை, பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "நேராகவே வாருங்கள், பார்ப்போம்" என்றார். எனக்குத் தயக்கமாக இருந்தது. அவர் அதற்குள் டார்ச்சுடன் விளிம்பின் ஓரத்தில் படுத்துவிட்டார். மெல்ல, மிக மெல்ல இறக்கினேன். முன் சக்கரங்கள் இறங்கின. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எந்த ஓசையும் இல்லை. கீழே போய் நிறுத்திவிட்டு மேலே நடந்து வந்தேன். அவர் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து, கையை நிமிர்த்திக் காட்டினார். நான்கு விரல்களோடு கட்டைவிரலும் சேர்ந்திருந்தது.