ஸ்பாம் அப்டேட்டில் உங்கள் தளத்துக்கு என்ன ஆனது? பட்டதைச் சொல்லுங்கள்

பழைய_லென்ஸ்:

வணக்கம் நண்பர்களே. பழைய ஃபிலிம் கேமராக்களைப் பிரித்துத் துடைத்து மறுபடி ஓடவைப்பது பற்றிப் பதினோரு ஆண்டுகளாகத் தளம் நடத்துகிறேன். ஷட்டர் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது, லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் எப்படிக் கழற்றுவது என்று எல்லாமே என் மேசையில் நானே செய்து, படம் பிடித்து எழுதியவை. எழுத்து நன்றாக இருந்தால், ஏமாற்று வேலைகளைத் தேடலில் கீழே தள்ள கூகுள் விடும் எந்த ஸ்பாம் அப்டேட்டும் நம்மைத் தொடாது என்று நம்பியிருந்தவன் நான். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

2019 வாக்கில் என்னைவிடச் சுமாரான தளங்கள் எனக்கு மேலே ஏறின. பொறுக்கவில்லை. இணைப்பு விற்கும் ஒருவரிடம் மாதக் கட்டணத்தில் சேர்ந்தேன். மாதாமாதம் முப்பது நாற்பது தளங்களிலிருந்து என் பக்கங்களுக்கு பேக்லிங்க், அதாவது தேடலில் மதிப்பைக் கூட்டும் வெளியிணைப்பு, வரும். எல்லாவற்றிலும் ஆங்கர் டெக்ஸ்ட் (இணைப்பாகச் சொடுக்கும் சொல்) நான் கேட்ட கீவேர்டாகவே, அதாவது தேடுபவர் தட்டும் சொல்லாகவே இருக்கும். ரேங்க் ஏறியது. மூன்று ஆண்டு அந்த வருமானத்தை நம்பியே குடும்பத்தில் பல முடிவுகள் எடுத்தோம்.

2022 டிசம்பர் 14 அன்று கூகுள் லிங்க் ஸ்பாம் அப்டேட்டைத் தொடங்கியது. ஜனவரி 12 வரை அது ஓடியது. பொங்கி வழிந்த ட்ராஃபிக் அந்த ஒரு மாதத்துக்குள் மூன்றில் ஒரு பங்காக வற்றிப்போனது. அதே நாட்களில், பயனுள்ள எழுத்தை முன்னே கொண்டுவரும் ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட்டும் ஓடிக்கொண்டிருந்ததால் எது அடித்தது என்று பிடிபடவே இல்லை. தளக்காரர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன் பகுதியைத் திறந்தால் சிக்கல் ஒன்றும் இல்லை என்று பச்சைக் குறி. கூகுள் ஊழியர் ஒருவர் நேரில் பார்த்து விதித்த அந்த மாதிரி நடவடிக்கை என்றால் அறிவிப்பு வரும், சரிசெய்துவிட்டு மறுபரிசீலனை கேட்கலாம். அல்காரிதம் இறக்கியது என்றால் அறிவிப்பும் கிடையாது, முறையிட இடமும் கிடையாது.

நானூறுக்கும் மேற்பட்ட டொமைன்களை (தள முகவரிகளை) பட்டியலிட்டு, இவற்றின் இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கோப்பு ஏற்றினேன். நான்கு மாதம் காத்திருந்தேன். ஒன்றும் அசையவில்லை.

பிறகு ஒரு நாள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எக்ஸெலில் பிரித்தேன். இணைப்பு வாங்கிய 26 பக்கங்கள்தான் சரிந்திருந்தன. வாங்காத பக்கங்கள் அனைத்தும் அநேகமாக இருந்த இடத்திலேயே இருந்தன. அப்போதுதான் கூகுளின் அறிவிப்பை நிதானமாகப் படித்தேன். ஸ்பாமைக் கண்டுபிடிக்கும் கூகுளின் ஏஐ அமைப்பான ஸ்பாம்பிரெய்ன் அந்த இணைப்புகளைச் செல்லாததாக்கிவிடும், அவை கொடுத்த மதிப்பும் கூடவே போய்விடும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. முட்டுக் கொடுத்திருந்த கம்பை உருவிவிட்டார்கள், கொடி அதன் உயரத்துக்கு வந்துவிட்டது. திரும்பப் பெற அங்கே எனக்கென்று எதுவும் இல்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள். தேதியோடு எழுதினால் எல்லோருக்கும் உதவும்.

ஊர்க்குருவி:

நண்பரே, நீங்கள் கொஞ்சம் கொடுத்துவைத்தவர் என்றே சொல்வேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் 2012 ஏப்ரல் 24 அன்று, இணைப்பு மோசடிக்கு எதிராக கூகுள் விட்ட பெங்குயின் அப்டேட்டில் அடிபட்டவன். ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் பாதிக்கப்படும் என்றார்கள். அந்தச் சின்ன எண்ணுக்குள் என் இரண்டு தளங்களும் இருந்தன.

இப்போது வாங்கிய இணைப்பு செல்லாததாவதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அன்றைக்குத் தளத்தையே கீழே இறக்கும். அதைவிடக் கொடுமை காத்திருப்பு. பெங்குயின் தினமும் ஓடாது. எப்போதாவது ஒருமுறை புதுப்பிப்பார்கள், அதுவரை நீங்கள் எவ்வளவு சுத்தம் செய்திருந்தாலும் கணக்கில் வராது. 2014 அக்டோபரில் ஒன்று வந்தது. அடுத்தது 2016 செப்டம்பரில்தான். அந்த நான்காம் பதிப்பில்தான் அது மைய அல்காரிதத்தோடு சேர்ந்து உடனுக்குடன் வேலை செய்யத் தொடங்கியது. இடையில் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு, தளம் சுத்தமாக இருந்தும் புதைந்தே கிடந்தது.

டிஸ்அவோ கருவியும் முதலில் இல்லை, 2012 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு தளத்துக்காரருக்கும் மின்னஞ்சல் எழுதி, இந்த இணைப்பை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்ச வேண்டும். எழுநூறு மின்னஞ்சல் அனுப்பியிருப்பேன். பதில் போட்டவர்களில் சிலர் எடுப்பதற்குக் காசு கேட்டார்கள். போடவும் காசு, எடுக்கவும் காசு.

உங்கள் டிஸ்அவோ கோப்பு பற்றி ஒன்று. மேனுவல் ஆக்‌ஷன் இல்லாத பெரும்பாலான தளங்களுக்கு அது தேவைப்படாது. பயத்தில் பட்டியலிடும்போது நல்ல இணைப்புகளும் சேர்ந்து போய்விடும். நான் அப்படி ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் பக்கத்தையே வெட்டிவிட்டேன். ஒருமுறை கோப்பைத் திறந்து வரிவரியாகப் பாருங்கள்.

இரவுப்பணி:

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

நான் செய்தது 2023-இல். வீட்டு உபயோகப் பொருட்களை ஒப்பிட்டு எழுதும் தளம். ஏஐ கருவியில் தலைப்பைக் கொடுத்தால் கட்டுரை வந்து விழும். நான்கு மாதத்தில் 1,900 பக்கம். அந்தப் பொருட்களில் ஒன்றைக்கூட நான் கையால் தொட்டதில்லை. ‘பயன்படுத்திப் பார்த்ததில்’ என்று ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் இப்போதும் உறுத்துகிறது. யாரோ ஒருவர் அதை நம்பித்தானே வாங்கியிருப்பார்.

2024 மார்ச் 5 அன்று புதிய ஸ்பாம் விதிகளை அறிவித்தார்கள். மொத்த மொத்தமாக உள்ளடக்கம் தயாரித்துக் குவிப்பது, காலாவதியான டொமைனை அதன் பழைய பெயருக்காக வாங்குவது, பெரிய தளத்தின் நற்பெயரில் வெளியார் குடியேறுவது ஆகிய மூன்றும் அதில் வந்தன. மூன்றாவதற்கு மட்டும் மே 5 வரை அவகாசம். எனக்கு மறுநாளே மேனுவல் ஆக்‌ஷன் வந்துவிட்டது. ரேங்க் குறையவில்லை, தளமே தேடலில் இல்லை. ஒரு தளத்தின் எந்தப் பக்கங்கள் தேடலில் இருக்கின்றன என்று காட்டும் ‘சைட்’ கட்டளை போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம்கூட வரவில்லை.

இங்கே பலர் ஏஐ எழுத்தைத் தடை செய்துவிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். விதியைப் படித்தால் அப்படி இல்லை. மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், படிப்பவருக்கு எதுவும் தராமல் ரேங்குக்காக மட்டும் பக்கங்களைக் குவித்தால் அது ஸ்பாம். என் கணக்கில் அதுதான் சரியான அளவுகோல். அதை நான் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

1,900-இல் 1,860-ஐ அழித்துவிட்டு மறுபரிசீலனை கேட்டேன். நிராகரித்தார்கள். மீதி 40-ஐயும் ஒவ்வொன்றாக எடுத்து, உண்மையில் வீட்டில் இருந்த பொருட்கள் பற்றி மட்டும் 11 பக்கம் புதிதாக எழுதி மறுபடி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் நடவடிக்கையை நீக்கினால் பழைய ட்ராஃபிக் திரும்பும் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். தேடலில் திரும்ப இடம் கிடைத்தது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஏழெட்டு கிளிக் வருகிறது.

மாடத்துச்செடி:

கொஞ்சம் வேறு மாதிரி அனுபவம், சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 ஜூனில் ஸ்பாம் அப்டேட் ஓடிய அதே வாரத்தில் என் தளமும் விழுந்தது. நானும் அப்டேட்தான் என்று முடிவு கட்டி, இரண்டு வாரம் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டே இருந்தேன்.

தற்செயலாக என் தளத்தின் பெயரை கூகுளில் தேடினால் ஜப்பானிய எழுத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள்! ஹேக் செய்திருக்கிறார்கள். புதுப்பிக்காமல் விட்ட ஒரு வேர்ட்பிரஸ் பிளகின் வழியாக நுழைந்திருந்தார்கள். நான் பிரவுசரில் திறந்தால் பக்கம் இல்லை என்று வரும், பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் வந்தால் மட்டும் போலிக் கடை காட்டும். சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் போட்டுப் பார்த்தபோதுதான் கூகுள் என்ன பார்க்கிறது என்று எனக்குத் தெரிந்தது. சர்ச் கன்சோலின் பயனர் பட்டியலில் எனக்குத் தெரியாத ஒரு மின்னஞ்சல் உரிமையாளராகவும் சேர்ந்திருந்தது.

அவரை நீக்கினால் மட்டும் போதாது, தள உரிமையாளர் என்று காட்டிக்கொள்ள அவர் சர்வரில் வைத்த சரிபார்ப்புக் கோப்பையும் தேடி அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி உள்ளே வந்துவிடுவார். நான் முதல் தடவை அந்தக் கோப்பை விட்டுவிட்டேன். அழித்த பிறகு ஐந்தாறு வாரத்தில் தளம் தேறியது. தளம் சரிந்தால் அப்டேட் என்று முடிவெடுக்கும் முன் இதையும் பாருங்கள் தோழர்களே.

கல்வெட்டுப்பிரியை:

எல்லோரும் இழந்ததைச் சொல்கிறீர்கள். எனக்குத் திரும்பக் கிடைத்தது, அதையும் பதிவு செய்ய வேண்டும்.

பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் சிறிய தளம் என்னுடையது. ஒரு பாடம் எழுத எனக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். 2022 முதல் ஒரு தளம் என் பாடங்களை அப்படியே உருவி, வாக்கியத்தை மட்டும் கருவியில் கொடுத்து மாற்றிப் போட்டுவந்தது. நான் வரைந்த எழுத்து வடிவங்கள்கூட என் கைநடுக்கத்தோடு அங்கே இருந்தன. தேடினால் அவர்கள் முதலிடம், நான் இரண்டாம் பக்கம். காப்புரிமைப் புகார் கொடுத்துச் சில பக்கங்களை எடுக்கவைத்தேன். எடுத்த வேகத்தில் வேறு முகவரியில் வந்தது. ஒருவர் என் பாடத்துக்குக் கீழேயே, ‘இதை அந்தத் தளத்திலிருந்து எடுத்தீர்களா?’ என்று கேட்டிருந்தார். அன்று எழுதுவதை நிறுத்தினேன்.

2024 மார்ச் அப்டேட் முடிந்த பிறகு ஒரு மாணவி எழுதினார், ‘அக்கா, தேடினால் இப்போது உங்கள் பாடம்தான் முதலில் வருகிறது’ என்று. போய்ப் பார்த்தால் அந்தத் தளம் தேடலிலேயே இல்லை. நான் ஒரு வரிகூட மாற்றவில்லை.

அதனால் ‘அப்டேட் ஒழிக’ என்று யாராவது எழுதும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. ஆனால் எழுதாமல் போன அந்த ஒன்றரை ஆண்டு திரும்பி வராது. பாடம் 31-இல் நின்றது, இப்போதுதான் 34-இல் இருக்கிறேன்.

ஆறாம்_விரல்:

நான் காலாவதி டொமைன் கூட்டம். ஒரு தொண்டு அமைப்பு புதுப்பிக்கத் தவறிய டொமைனை ஏலத்தில் எடுத்தேன். கண் மருத்துவ முகாம்கள் நடத்தியவர்கள் போலிருக்கிறது, மருத்துவமனைத் தளங்களிலிருந்தெல்லாம் அதற்கு இணைப்பு இருந்தது. அதன் மேல், பொருள் விற்றால் கமிஷன் கிடைக்கும் அஃபிலியேட் தளம் போட்டேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது, மார்ச் 2024-இல் ஒரே வாரத்தில் போய்விட்டது.

அதன் பிறகும் அந்தப் பழைய முகவரிக்கு மின்னஞ்சல்கள் வந்துகொண்டிருந்தன. முகாம் எப்போது என்று கேட்டு. நான் ஆரம்பத்திலிருந்தே அவற்றைத் திறக்காமல் அழித்துவந்தேன்.

பழைய_லென்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. ஊர்க்குருவி சொன்னபடி டிஸ்அவோ கோப்பைத் திறந்தேன். கேமரா சேகரிப்பவர்களின் சங்கம் ஒன்று என் பூஞ்சைக் கட்டுரைக்குத் தானாகக் கொடுத்திருந்த இணைப்பும் அதில் சிக்கியிருந்தது. கோப்பு முழுவதையும் நீக்கிவிட்டேன். பலன் இருக்குமா என்று இப்போது சொல்ல முடியாது.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும். மாதாமாதம் இறக்கி வையுங்கள். நான் அப்படி வைத்திருந்ததால்தான் அந்த 26 பக்கங்களையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. அப்டேட் தொடங்கிய, முடிந்த தேதிகளை கூகுளின் தேடல் நிலைப் பக்கத்தில் பார்த்து, முடிந்து ஒரு வாரம் கழித்து ஒப்பிடுங்கள். நடுவில் பார்த்துப் பதறி எதையும் அழிக்காதீர்கள்.

அந்த 26 பக்கங்களில் ஏழை மறுபடி எழுதிவிட்டேன். ஷட்டர் பக்கத்துக்காக மேசை இழுப்பறையில் கிடந்த மூன்று கேமராக்களைப் பிரித்தேன். நான் முதலில் எழுதியதில் ஒரு படி தவறாக இருந்தது. முதலிடத்தில் இருந்த மூன்று ஆண்டும் அந்தத் தவறான படியைத்தான் எல்லோரும் படித்திருக்கிறார்கள்.

ஆறாம்_விரல், ஒன்று கேட்கலாமா? அந்த டொமைனை இப்போது என்ன செய்திருக்கிறீர்கள்?

ஆறாம்_விரல்:

அந்த அமைப்பினர் வேறு பெயரில் இன்னும் முகாம் நடத்துகிறார்கள். தேடிப் பிடித்து எழுதினேன். பதில் வர இரண்டு வாரம் ஆனது. டொமைனை அவர்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள நேற்று டிரான்ஸ்ஃபர் கோடு அனுப்பிவிட்டேன். கடைசியாக வந்த நான்கு மின்னஞ்சல்களையும் சேர்த்தே அனுப்பினேன்.