ஹம்பக்கர் பிக்கப்: சுருள் கம்பி இணைப்பை எதனால் மூடுவது?

சாட்ஸ்வொர்த் தந்தி:

வணக்கம். எங்கள் கோவில் பஜனைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். நானே செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில் இரண்டு மாதம் செலவழித்து ஒரு ஹம்பக்கர் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும், இரண்டு சுருள் கொண்ட பாகம்) சுற்றி முடித்தேன். கம்பி 42 கேஜ் செம்பு, மேலே பாலியூரிதேன் எனாமல் (மின்சாரத்தைத் தடுக்கும் பூச்சு). பாபின் (கம்பி சுற்றும் சட்டம்) ஒன்றுக்கு ஏறக்குறைய 5,000 சுற்று. பழைய தையல் இயந்திர மோட்டாரில் சுற்றியதால் நான்கு முறை கம்பி அறுந்து, நான்கு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அது வேறு கதை.

மேசைமேல் அளந்தபோது இரண்டு சுருளும் சேர்ந்து 8.2 கிலோ ஓம் காட்டின. இரண்டு சுருள்களின் கடைசி முனைகளையும் ஒன்றாக முறுக்கி, சால்டர் வைத்து, கறுப்பு பிவிசி இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, பாபின்களுக்கு நடுவே செருகிவிட்டேன். வெளியே போகும் கம்பிகளின் இணைப்புக்கும் அதே டேப்தான். இரண்டு வாரம் நன்றாக ஒலித்தது. தைப்பூசக் காவடியன்று, வெயிலில் நிறுத்தியிருந்த காரின் டிக்கியில் கிட்டார் மூன்று மணி நேரம் கிடந்தது. அன்று மாலை வாசிக்க எடுத்தபோது சத்தம் மெலிந்துபோய், ஒற்றைச் சுருள் பிக்கப்பில் வருவது போன்ற இரைச்சலும் சேர்ந்திருந்தது.

பிரிப்பதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன். இந்த இணைப்புகளை எதனால் மூடுவது சரி? சுடுகாற்றில் சுருங்கும் ஸ்லீவ் மாட்டலாம் என்று பார்த்தால், அதன் தடிப்பில் உலோக மூடி உட்காராது போலிருக்கிறது. நகப்பூச்சு போதும் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

பீனிக்ஸ் பட்டறை:

தம்பி, பிரிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பிக்கப்பின் வெளிக்கம்பியை வால்யூம் கன்ட்ரோலிலிருந்து கழற்றிவிட்டு, அதற்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 4.1 கிலோ ஓம் அளவில் காட்டினால் பழுது எங்கே என்பது திறக்காமலே தெரிந்துவிடும்.

உங்கள் பிக்கப்பில் முக்கியமான இணைப்புகள் மூன்று. எர்த் பக்கத்து இணைப்பு அடித்தகட்டில் பட்டால் எந்த மாற்றமும் இராது, ஏனெனில் அந்தத் தகடே எர்த்தில்தான் இருக்கிறது. சிக்னல் பக்கத்து இணைப்பு பட்டால் ஒலி முழுவதும் நின்றுபோகும். இரண்டு சுருளும் சேரும் நடு இணைப்பு பட்டால்தான், ஒரு சுருள் செத்து மற்றது மட்டும் வேலை செய்யும்; மின்தடை பாதியாகும், இரைச்சலை அடிக்கும் ஜோடி இல்லாததால் ‘ஹம்’ திரும்பி வரும். நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான். (கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவமைப்பே, எதிரெதிர்த் திசையில் இணைந்த இரண்டு சுருளும் ஒன்றன் இரைச்சலை மற்றொன்று அழிப்பது தான்.)

இன்சுலேஷன் என்றவுடன் நாம் சுவர் பிளக்கின் 230 வோல்ட்டை நினைத்துக்கொண்டு தடிமனாகச் சுற்றிவிடுகிறோம். பிக்கப்பில் பிறக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதைத் தடுக்க ஒரு காகிதத்துண்டு போதும். பழைய பிக்கப்களில் காகித டேப்பையே ஒட்டியிருந்தார்கள். நீங்கள் தடுக்க வேண்டியவை வேறு: இணைப்பு உலோகத்தில் படக்கூடாது, சால்டரின் கூரான மூக்கு பக்கத்துச் சுற்றுகளின் எனாமலைக் குத்தக்கூடாது, வெளிக்கம்பியை யாராவது இழுத்தால் அந்த விசை 0.063 மில்லிமீட்டர் கம்பிக்குப் போய்ச் சேரக்கூடாது. உங்கள் தலைமுடியை அதன் அருகில் வைத்துப் பார்த்தால் எது முடி, எது கம்பி என்று கண்ணுக்குத் தெரியாது.

பிவிசி டேப்பை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். டர்பன் கோடையில் அதன் பசை இளகி, டேப் நழுவி, ஓரங்கள் சுருண்டு, கடைசியில் கையில் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். அசிடேட் துணி டேப் அல்லது பாலிஇமைடு டேப் வாங்குங்கள். மஞ்சள் பழுப்பு நிறத்தில் கண்ணாடிபோல் இருக்கும் பாலிஇமைடு டேப், சால்டர் முனை பட்டாலும் உருகாது. ஆனால் அது வழுக்கும் தன்மை உடையது, வளைவுகளில் படிந்து உட்கார அசிடேட் துணியே மேல் என்பது என் அனுபவம்.

நான் செய்யும் முறை இது. வெளிக்கம்பியின் உறையை ஐந்து மில்லிமீட்டர் மட்டும் உரித்து, முனையில் முதலில் சால்டர் பூசிக்கொள்வேன். சுருள் கம்பியை அதன்மேல் ஐந்தாறு சுற்றுத் தளர்வாகச் சுற்றிவிட்டு, சால்டரிங் அயர்ன் முனையில் ஒரு சொட்டு உருகிய சால்டரை வைத்துக்கொண்டு அங்கேயே இரண்டு மூன்று விநாடி பிடிப்பேன். உங்களுடையது பாலியூரிதேன் என்பதால் எனாமல் புகைந்து தானாகவே விலகிவிடும். அந்தப் புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கம்பியின் பூச்சு ப்ளெய்ன் எனாமலோ ஃபார்ம்வாரோ என்றால் இப்படி விலகாது. 1000-ஆம் நம்பர் உப்புத்தாளை மடித்து, அதற்குள் கம்பியை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மெதுவாக இழுக்க வேண்டும்.

சால்டர் ஆறியதும் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் மறுபடி உருக்கிச் சமன் செய்யுங்கள். பிறகு சுருளின்மேல் ஒரு துண்டு டேப், அதன்மேல் இணைப்பைப் படுக்கவைத்து இன்னொரு துண்டு. கீழ்த்துண்டைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் காலப்போக்கில் இணைப்பு அழுந்தி, சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்; மீட்டரில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஆனால் மேல்ஸ்தாயி மங்கிப்போகும். இணைப்பு படுத்ததும், வெளிக்கம்பியைச் சுருளைச் சுற்றி ஒரு வட்டம் கொண்டுபோய் டேப்பால் இறுக்கிவிடுங்கள். இனி இழுப்பதெல்லாம் அந்த வட்டத்தோடு நின்றுவிடும்.

மாரிட்ஸ்பர்க் ஆம்ப்:

பட்டறை அண்ணன் சொன்னதோடு முழுமையாக ஒத்துப்போகிறேன், ஸ்லீவ் பற்றி மட்டும் சிறிது சேர்க்கிறேன். சுருங்கும் ஸ்லீவுக்கு நூறு டிகிரி செல்சியசை ஒட்டிய சூடு தேவை. சுடுகாற்றுத் துப்பாக்கியைப் பாபின் பக்கம் காட்டினால் ஸ்லீவ் சுருங்குவதற்கு முன் பாபின் வளைந்துவிடும். நான் ஒரு பாபினை அப்படித்தான் வாழைப்பழம்போல் வளைத்தேன். சுருளிலிருந்து தள்ளி, கிட்டாரின் கன்ட்ரோல் குழிக்குள் வரும் இணைப்புகளுக்கு ஸ்லீவைத் தாராளமாகப் போடலாம். நான்கு கம்பி கேபிளாக இருந்தால், அதன் பின்னல் உறையிலிருந்து ஒரு மெல்லிய இழை பிரிந்து வந்து நடு இணைப்பைத் தொடுவதும் உண்டு. அங்கேயும் ஒரு சிறு ஸ்லீவ் நல்லது.

நகப்பூச்சு காய்ந்த பிறகு மின்சாரத்தைத் தடுக்கும்தான். ஆனால் ஈரமாக இருக்கும்போது அதிலுள்ள கரைப்பான் பாபின் பிளாஸ்டிக்கைக் கரைக்கக்கூடும். காய்ந்தபின் அழுத்தினால் உதிரும். டேப்புக்குப் பதிலாக அதை நம்பக்கூடாது.

டோங்காட் கடலோரம்:

கேள்வி ஹம்பக்கரைப் பற்றியது என்றாலும், அடுத்து ஒற்றைச் சுருள் சுற்றப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார் வகையில் காந்தத் தண்டுகளின்மேல் நேரடியாகச் சுற்றுவதால், இன்சுலேஷன் வேலை முதல் சுற்றுக்கு முன்பே தொடங்குகிறது. அந்த அல்நிகோ (இரும்பு, அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தம் மின்சாரத்தைக் கடத்தும், துருவும் பிடிக்கும். எங்கள் வீடு கடலிலிருந்து நடக்கும் தூரம். உப்புக்காற்றில் துரு எழும்பி உள்சுற்றின் எனாமலைத் தின்ற பிக்கப்கள் இரண்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சுற்றுவதற்கு முன் காந்தங்களைச் சுற்றி ஒரே ஒரு சுற்று மெல்லிய டேப் ஒட்டுங்கள், அல்லது லாக்கரில் தோய்த்துக் காயவையுங்கள். முடித்ததும் ஒவ்வொரு காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையே மீட்டர் வையுங்கள். எதிலும் தொடர்பு காட்டக்கூடாது.

இன்னொன்று, ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் பொருள்). குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸை இதில் பயன்படுத்தாதீர்கள். டேப்புக்கு அடியில் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு, தலைமுடிக் கம்பியைச் சில மாதத்தில் அரித்துவிடும். ரோசின் உள்ள சால்டர் போதும்.

சாட்ஸ்வொர்த் தந்தி:

ஐயா, அண்ணன், அக்கா, மூவருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன்: 4.1. திறந்தபோது நடு இணைப்பின்மேல் இருந்த டேப் ஒரு பக்கமாக நழுவியிருந்தது. நான் அயர்னை எடுத்தபோது உண்டான சால்டர் மூக்கு அதைக் குத்திக்கொண்டு அடித்தகட்டைத் தொட்டபடி நின்றது. இரண்டு வாரமாக அது மயிரிழையில் தொடாமல் இருந்திருக்கிறது. பழைய பசையைத் துடைக்கவே அரைமணி நேரம் ஆயிற்று.

மூக்கைச் சமன் செய்து, அசிடேட் டேப்பை மேலும் கீழும் ஒட்டி, அடித்தகட்டை மாட்டியபின் அளந்தால் காலையில் 8.2 வந்தது. மதியம் மறுபடி அளந்தால் 8.4. இது ஏன் கூடுகிறது? சுற்றுகள் அதிராமல் இருக்கப் பிக்கப்பை மெழுகில் தோய்ப்பதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டுமா?

பீனிக்ஸ் பட்டறை:

அது வெக்கை, தம்பி, பழுது அல்ல. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். ஆறேழு டிகிரி ஏறினால் உங்கள் கணக்கு சரியாக வந்துவிடும். அஞ்ச வேண்டியது திடீரென்று குறையும் எண்ணைக் கண்டுதான்.

மெழுகுக்குப் போகலாம். பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. 65 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள், தெர்மாமீட்டரும் அதிலேயே நிற்கட்டும். பாலியூரிதேன் எனாமலையோ அசிடேட் டேப்பையோ அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. உலோக மூடியைச் சால்டர் வைத்து மூடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். மூடியபின் திறப்பதற்குள் கை வலித்துவிடும்.