ஸ்ட்ரைக் நாளில் மதுரை–ராமேஸ்வரம் பாசஞ்சர்: குறைந்தது எத்தனை ஆள்?

உச்சிப்புளிக்காரன்:
ரயில்வே ஊழியர்கள் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழித்துத்தானே ஸ்ட்ரைக்? அதற்குள் திட்டம் போட்டால் போக ஒன்று, வர ஒன்று என்று ஒரே ஒரு பாசஞ்சரை ஓட்ட முடியாதா? டிரைவர் கிடைத்தால் போதும் என்கிறார்களே?

ஒற்றைத்தடம்:
டிரைவரைப் பிடித்துவிடலாம். டிரைவர்களை மேற்பார்க்கும் லோகோ இன்ஸ்பெக்டர்கள் டிரைவராக இருந்து வந்தவர்கள்தான். இந்த லைனில் பழக்கம் விட்டுப்போகாதவரா என்று மட்டும் பார்க்கணும். ஆனால் 161 கி.மீ.க்குப் பாசஞ்சர் ஏறக்குறைய 4 மணி நேரம் எடுக்கும். ஒரே செட் போய்த் திரும்பினால் 9 மணி நேர டூட்டி தாண்டிவிடும். ஆகவே டிரைவர், உதவி டிரைவர், கார்டு என்று இரண்டு செட்.

இடிப்பது ஸ்டேஷன் மாஸ்டரில். ஒற்றைத் தடம், அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் (தடம் காலி, வண்டியை அனுப்பலாம் என்ற அனுமதி) தராமல் வண்டி நகராது. ஒரே வண்டி என்றால் எதிர் வண்டிக்கு வழிவிடும் கிராசிங் கிடையாது என்பதால் சின்ன ஸ்டேஷன்களில் பாயிண்ட்டை (தடம் மாற்றும் இடத்தை) மெயின் லைனுக்கு வைத்து, கிளாம்ப் போட்டுப் பூட்டிவிடலாம். மதுரை போக, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரத்தில் ஆள் இருந்தே ஆகணும். 12 மணி நேர ஷிப்ட் போட்டாலும் 10 மாஸ்டர். பாயிண்ட்டைக் கவனிக்கும் பாயிண்ட்ஸ்மேன் தனி.

கேட்கணக்கு:
அண்ணே, ரோடு தடத்தைக் கடக்கும் லெவல் கிராசிங் கேட்டை விட்டுட்டீங்க. கேட்கீப்பர் இல்லாவிட்டால் கேட் சிக்னல் சிவப்பிலேயே கிடக்கும். பகலில் 1 நிமிஷம், ராத்திரியில் 2 நிமிஷம் நின்று, விசில் அடித்து, கேட்டுக்கு முன்னால் வரை ஊர்ந்து போய் மறுபடி நிறுத்தணும். உதவி டிரைவர் இறங்கி கேட்டை மூடிக் கைக்கொடி காட்டணும். கடைசிப் பெட்டி தாண்டியதும் கார்டு திறந்துவிட்டு ஏறணும். மறந்தால் ரோட்டில் பஸ் வரிசை கட்டி நிற்கும். கேட்டுக்கு 6 நிமிஷம் என்றாலும் பத்துக் கேட்டில் ஒரு மணி நேரம் போச்சு. முதலில் கேட்டுக்கு ஆள் போடுங்க, பிறகு டிரைவரைத் தேடலாம்.

உச்சிப்புளிக்காரன்:
பாம்பன் பாலத்துக்கு?

ஒற்றைத்தடம்:
தூக்குப் பாலத்தை இறக்கிப் பூட்டியபடியே வைத்து, அன்றைக்குக் கப்பலை நிறுத்திவைக்கலாம். காற்றோடுதான் பேச முடியாது: காற்று வேகம் மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் சிவப்பு. அதனால் மண்டபத்தோடு வண்டியை முடித்து, மிச்சத்துக்கு ரோட்டுப் பாலத்தில் பஸ் விடுவது என் கட்சி. ராமேஸ்வரத்தில் இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டி, பிரேக் டெஸ்ட் எடுக்கிற ஆட்கள் மிச்சம். அதே வேலை மண்டபத்தில் வராமலிருக்க, இரண்டு முனையிலும் ஓட்டும் அறை உள்ள ரேக்கை (பெட்டித் தொடரை) கேட்டு வாங்கணும்.

கேட்கணக்கு:
பெட்டிக்குத் தண்ணீரை மதுரையிலேயே முழுசா ஏத்திடுங்க. மண்டபத்தில் பிடிக்க ஆள் இருக்காது.